உள்ளே விளைந்த வெங்காயம்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வயதான ஆண்களிடம் போய், "ஐயா, ஒண்ணுக்கு சீரா போகுதுங்களா?" என்று கேட்பது. விலங்கியலில் முதுகலை முடித்திருந்தேன். வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டால் அம்மா, "ஆராய்ச்சி பண்ணுதுங்க" என்பாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "ஒடம்பப் பத்திங்க" என்பாள். உடம்பில் எந்த இடம் என்று கேட்கிற அளவுக்கு அக்கறையுள்ளவர்கள் வந்தால் காபி எடுத்துவர உள்ளே போய்விடுவாள்.

அந்த இடத்துக்குத் தமிழில் நாலு பேர் நடுவில் சொல்லக்கூடிய பெயர் கிடையாது. புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. வயதாக ஆக வீங்கி, சிறுநீர் போகிற வழியை நெருக்கும். பெரும்பாலும் அது வெறும் வீக்கம்தான்; சிலருக்குப் புற்றுநோய். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால், அறுத்தெடுத்த சதையை மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற நோயியல் பேராசிரியர் ஒருவர், நம் பக்கத்து ஆண்களின் புராஸ்டேட் எப்படி மாறுகிறது என்பதைப் படமெடுத்துத் தொகுக்க ஆசைப்பட்டுச் சொந்தமாக ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். நான் அவருடைய ஒரே உதவியாளர். ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளியிடம் சம்மதம் கேட்டு, சதையை வாங்கி வந்து, சீவிச் சாயம் போட்டுக் கொடுப்பது வரை என் வேலை. பார்ப்பதும் படம் எடுப்பதும் சாருடையது.

சதை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. ஆண்கள் யாரும் தங்கள் தொந்தரவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ராத்திரிக்கு ஆறு தடவை எழுந்து போகிறவர்கூட என்னிடம், "எனக்கென்னுங்க கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு பாத்ரூமுக்கு ஓடுவார்.

அப்படி இருந்தபோதுதான் தாராபுரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கே வாரத்தில் ஒரு நாள் வந்து அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் சாருடைய பழைய மாணவர். ஒரு விவசாயிக்கு வயிற்றைக் கீறி எடுக்கப்போகிறார், நல்ல பெரிய கட்டி, வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் ஒயர் கூடையில் அகலவாய் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விவசாயிக்கு அறுபதைத் தாண்டிய வயது. அமராவதிப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும், மேட்டில் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் வைத்திருந்தார். ஊரில் யாரிடமும் ஆபரேஷன் என்று சொல்லவில்லை. கோயமுத்தூருக்கு மோட்டார் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் இந்த ஆஸ்பத்திரியில் வந்து படுத்திருந்தார். அவர் மனைவியும், மனைவியின் தம்பியும் கூட இருந்தார்கள். தம்பிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர்.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். எடுத்த சதையில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கு வேண்டும், அதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை, வேண்டாமென்றாலும் வைத்தியம் ஒரே மாதிரிதான் நடக்கும் என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"ஏனுங்க அம்மணி, அத எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"சீவிப் பாத்துப் படம் புடிப்போமுங்க."

"படமுங்களா? அப்ப என்ற கண்ணுலயும் காட்டோணும். இத்தன வருசமா என்ற உள்ள இருந்துகிட்டு என்னைய இந்தப் பாடு படுத்துச்சு. அதும் மூஞ்சி எப்படி இருக்குதுன்னு நான் பாக்கோணுமுங்க."

காட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதோடு விடவில்லை. மைத்துனரைக் கூப்பிட்டு, "மாப்ள, நீ கூடப் போ. எங்க கொண்டு போறாங்க, யார் கையில குடுக்கறாங்கன்னு பாத்துட்டு வா" என்றார். வயிற்றுக் கட்டியை யார் திருடுவார்கள் என்று மனைவி முணுமுணுத்தார். "ஆளு மாறிப் போச்சுன்னா?" என்று கேட்டார் விவசாயி. அந்தக் கேள்வி எங்கள் தொழிலில் மிக முக்கியமான கேள்வி என்பதால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. சதை கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் அதைப் போட்டு, பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டி, ஒயர் கூடைக்குள் வைத்துக்கொண்டு நானும் மைத்துனரும் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் நான், நடுவில் கூடை, அந்தப் பக்கம் அவர். ஃபார்மலின் வாசம் மூடியைத் தாண்டிக் கண்ணில் ஏறும். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன். பல்லடம் வருவதற்குள் கண்டக்டர் எங்களிடம் வந்து நின்றார்.

"அம்மணி, ஊறுகாயச் சீட்டுல வச்சுப்போட்டு ஆளுங்கள நிக்க வெச்சா எப்படிங்க? அத எடுத்துக் கீழ வைங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனர் முந்திக்கொண்டார்.

"அது ஊறுகா இல்லீங்க. எங்க மச்சானுங்க."

கண்டக்டர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"முழுசாவாங்க?"

"இல்லீங்க, கொஞ்சந்தான். மிச்சம் ஆஸ்பத்திரில படுத்திருக்கறாருங்க."

கண்டக்டர் டிக்கெட் கொடுத்த விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். முன் சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து பின்னால் போனார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். நின்றுகொண்டிருந்தவர்கள் யாரும் அந்த இடங்களில் உட்காரவில்லை. கோயமுத்தூர் வரும்வரை நாங்கள் இருவரும் பாட்டிலும் வெகு வசதியாக வந்தோம். வழியில் மைத்துனர் இரண்டு முறை டிரைவரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விட்டு வந்தார். டீ குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

எங்கள் ஆய்வுக்கூடம் மாடியில். கீழே ஒரு லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைவார்கள். நுண்ணோக்கியின் தலையில் ஃபிலிம் கேமராவைப் பொருத்தித்தான் படம் எடுக்கவேண்டும். லேத் ஓடினால் கட்டடம் நடுங்கும், படம் கலங்கும். அதனால் பட்டறைக்காரர்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம்தான் எங்களுக்குப் படம் எடுக்கும் நேரம். கீழே டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் கேட்டதும் சார் கேமராவின் கம்பி விசையைக் கையில் எடுப்பார். அன்றைக்கு யாராவது பழைய சோற்றை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்துவிட்டால் எங்கள் ஆராய்ச்சி மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

இதைவிடப் பெரிய தொல்லை நிறம். சாயம் ஏற்றிய சீவல் அழகான ரோஸ் நிறத்திலும் ஊதாவிலும் இருக்கும். ஃபிலிமைக் காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுப்போம். திரும்பி வரும் படங்கள் பாசி பிடித்த தொட்டிபோலப் பச்சையாக இருக்கும். சார் கோபத்தில் குதித்தார். நான் போய்க் கேட்டேன். ஸ்டூடியோவின் உரிமையாளர் உக்கடத்துக்காரர், எல்லோருக்கும் பாய். கல்யாண ஆல்பத்துக்குப் பெயர் போனவர். என் படங்களை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன நியாயம் மறுக்க முடியாதது.

"ஏம்மா, ஒரு படத்துலயாவது ஒரு மனுசன் இருக்கறானா? மெசினு என்ன பண்ணும்? இத்தன ரோஸைப் பாத்ததும் ஏதோ தப்பு நடந்து போச்சுன்னு அதுவே பச்சையப் போட்டு சரி பண்ணுது. ரோல்ல மொதப் படமா ஒரு மூஞ்சி எடுத்துக் குடுங்க. அந்த மூஞ்சி நெறத்த வச்சு நான் மத்ததையெல்லாம் நிறுத்தித் தாரேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபிலிம் ரோலும் சாருடைய முகத்தில் தொடங்கியது. கேமராவைக் கழற்றி லென்ஸ் மாட்டி, மாடி வராந்தா வெளிச்சத்தில் சாரை நிற்க வைத்து ஒன்று எடுத்துவிட்டு, திரும்ப நுண்ணோக்கியில் பொருத்துவேன். முதலில் சங்கடப்பட்டவர், சில வாரங்களில் படம் எடுக்கிற அன்று இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் எங்களிடம் புராஸ்டேட் படங்களுக்குச் சமமாக சாருடைய படங்களும் சேர்ந்துவிடும்போல இருந்தது.

தாராபுரத்து விவசாயி தையல் ஆறியதும் சொன்னபடி வந்துவிட்டார். கூடவே மனைவியும் மைத்துனரும். மூவரும் விசேஷ வீட்டுக்கு வருவதுபோல உடுத்தியிருந்தார்கள். அவருடைய சீவல்கள் அன்றுதான் படத்துக்குத் தயாராக இருந்தன. முதல் படத்துக்கு இன்று இவரையே நிறுத்திவிடலாம் என்று சார் சொன்னார். விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வராந்தாவில் நின்றார். எடுத்தேன். பிறகு நுண்ணோக்கி முன்னால் முக்காலியில் உட்கார வைத்தோம்.

குனிந்தவர் வெகுநேரம் தலை தூக்கவில்லை.

"தெரியுதுங்களா?" என்றார் சார்.

"நல்லாத் தெரியுதுங்க. கறுப்பாக் கம்பி கம்பியா இருக்குதுங்க. அசையுதுங்களே! இன்னும் உசுரு இருக்குதுங்களா?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய சொந்தக் கண் இமை மயிரை. முதன்முதலாகப் பார்க்கும் எல்லோருக்கும் நேர்வதுதான். சார் அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சற்றே பின்னுக்கு இழுத்தார். விவசாயி மூச்சை இழுத்தார்.

"அட! வெங்காயமுங்க!"

சார் அவரை நகர்த்திவிட்டுத் தான் பார்த்தார். வயதான ஆண்களின் புராஸ்டேட்டில் சுரக்கிற நீர் ஆங்காங்கே கெட்டியாகி, வட்டத்துக்குள் வட்டமாகப் படிந்து, கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக நிற்கும். குறுக்கே சீவினால், சின்ன வெங்காயத்தைப் பாதியாக அறுத்ததுபோலவேதான் இருக்கும். விவசாயி அறுத்துப் பார்க்காத வெங்காயமா? ஒரு பார்வையில் கண்டுகொண்டார்.

"அது வெங்காயம் இல்லீங்க. உள்ள சுரக்கற நீரு எறுகி அப்படி ஆயிருக்குது. வயசானா எல்லாருக்கும் இருக்கும். ஒண்ணும் பண்ணாது" என்றார் சார்.

"எல்லாருக்கும் இருக்குதுங்களா?" என்று விவசாயி வியந்தார். சார் சொன்னதில் அந்த ஒன்று மட்டும்தான் காதில் விழுந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

மனைவி குனிந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னனுங்க. பழைய சோத்துக்கு வெங்காயம், களிக்கு வெங்காயம், வெறும் வாய்க்கும் வெங்காயம். அது எங்க போயிச் சேரும்?"

"அம்மா, சாப்பிடற வெங்காயத்துக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லீங்க."

"அப்ப இது தானா வெளஞ்சதுங்களா?"

சார் இன்னொரு தடவை விளக்கினார். படம் வரைந்து காட்டினார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "சரிம்மா, சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள அந்த வெங்காயத்த மொதல்ல எடுத்துரலாம்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. விவசாயி மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

பாயிடம் ரோலைக் கொடுத்தேன். கொடுக்கும்போது, முதல் படத்தில் இருப்பவர் ஒரு பிரதி கேட்டிருக்கிறார், வெங்காயம் மாதிரி தெரிவதையும் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று சொன்னேன். என் தமிழில் எங்கே குழப்பம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நாலு நாள் கழித்துப் போனபோது பாய் முகம் மலர்ந்து, பெரிய அளவில் போட்ட ஒரே ஒரு படத்தை மேஜையில் வைத்தார்.

அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பங்களில் மிக்ஸிங் என்று ஒன்று உண்டு. பெண்ணின் முகம் தாமரைப்பூவுக்குள் இருந்து எட்டிப்பார்க்கும். மாப்பிள்ளை நிலாவுக்குள் இருப்பார். பாய் எங்கள் விவசாயியின் முகத்தை எடுத்து, அவருடைய புராஸ்டேட்டில் இருந்த மிகப் பெரிய வெங்காயத்தின் நடுவில் வைத்திருந்தார். சுற்றிலும் ரோஸ் வளையங்கள். அதற்கு வெளியே ஊதாப் பொட்டுகள் பூத்தூவியதுபோல. நடுவில் துண்டு போட்டுக்கொண்டு விறைப்பாக அவர்.

"பாய், இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ஏதோ பூ டிசைனும்மா. நெறம் எப்படி நின்னுருக்குது பாரு! என்ற சர்வீஸ்ல இப்படி ஒரு மிக்ஸிங் விழுந்ததில்ல."

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. சாரிடம் காட்டியபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதைக் கொடுக்கக்கூடாது என்றார். ஆனால் அதற்குள் மைத்துனர் படம் வாங்குவதற்காகப் பஸ் ஏறி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துவிட்டார். இரண்டு கையாலும் வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, "மச்சான் தத்ரூபமா இருக்கறாருங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்விட்டு, ஊருக்குக் கிளம்பினார்.

பிறகு நடந்ததை விவசாயியின் மனைவி வாயால் கேட்டேன். படத்துக்குச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேராக உள்ளே மாட்டியிருக்கிறார்கள். வந்தவர்களெல்லாம் இது எந்தக் கோயிலில் எடுத்தது, என்ன பூ என்று கேட்டிருக்கிறார்கள். மோட்டார் வாங்கப் போனதாகச் சொன்ன மனிதர், கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒண்ணுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் அவருக்கு வெட்கம். உள்ளே வெங்காயம் விளைந்திருந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்? அந்தப் பக்கம் முழுக்க வெங்காயக்காடு. எல்லாருக்கும் வயதானால் உள்ளே வெங்காயம் இருக்குமாம், அது அடைத்துக்கொண்டால்தான் தொந்தரவாம், கோயமுத்தூரில் ஒரு டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிறாராம் என்று பேச்சு பரவியது.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் போனபோது, லேத் பட்டறை வாசலில் ஒரு வேன் நின்றது. வெள்ளை வேட்டியும் துண்டுமாகப் பெரியவர்கள் மாடிப்படி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் முடியாதவர்களுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் இருந்தவர் எழுந்து கும்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இங்கதானுங்களா வெங்காயம் பாக்கறது?"

சார் வந்தார். இது ஆஸ்பத்திரி இல்லை, ஆய்வுக்கூடம் என்று படியிலேயே நின்று சத்தம் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அறுத்து எடுத்தால்தான் தெரியும் என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் துணிப்பையிலிருந்து கழுவித் துடைத்த ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்காட்டி, "பாட்டல் கொண்டாந்துட்டனுங்க" என்றார். இன்னொருவர், ஒத்துப் பார்ப்பதற்கு வசதியாக இருக்கும் என்று தன் காட்டில் விளைந்த வெங்காயத்தில் ஒரு கொத்து எடுத்து வந்திருந்தார்.

நான் சாரைத் தனியே கூப்பிட்டு, இத்தனை நாளும் நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் தேடியும் கிடைக்காத மாதிரி ஆட்கள் இவர்கள்தான் என்றேன். சார் படியில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். முதல் வரிசையில் இருந்தவரிடம், "ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறீங்க?" என்று கேட்டார்.

"அதென்னுங்க கணக்கு, படுத்தாத்தானுங்க எந்திரிக்கறதுக்கு."

படி முழுக்கச் சிரிப்பு. அடுத்தவர் தன் கதையைச் சொன்னார். அதற்கடுத்தவர் அதை விஞ்சினார். நான் தனித்தனியாகக் கேட்டிருந்தால் நல்லாத்தான் இருக்கறேன் என்று சொல்லியிருக்கக்கூடிய மனிதர்கள், ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து, நின்று நின்று போவது, சொட்டுச் சொட்டாகப் போவது, பஸ்ஸில் அவமானப்பட்டது எல்லாவற்றையும் மழை விளைச்சல் பேசுவதுபோலப் பேசினார்கள். சார் தன் பழைய மாணவர்களில் நகரத்திலிருந்த ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணருக்குப் போன் போட்டார். வேன் அங்கே போனது. அவர் எல்லோரையும் முறையாகச் சோதித்தார். பாதிப் பேருக்கு மாத்திரை போதும் என்றார். சிலரை மறுபடி வரச்சொன்னார்.

அவர்களைக் கூட்டி வந்தது மைத்துனர்தான். எல்லோரும் உள்ளே போய்வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நீங்களும் பாத்துக்கறதுதானுங்களே?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குங்க? நான் சும்மா தொணைக்கு வந்தனுங்க."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவர் இறங்கிப் போனது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேனில் வந்த பெரியவர்கள் சேர்ந்து அவரைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினார்கள். "வெக்கப்படாம போப்பா, வெங்காயந்தான்" என்று ஒருவர் தைரியம் சொன்னார்.

டாக்டர் விரல் விட்டுப் பார்த்ததில் ஒரு இடம் கல்லாக இருந்திருக்கிறது. ஊசியால் நூல்போலச் சதை எடுத்து எங்களுக்கு அனுப்பினார். நான்தான் சீவினேன், நான்தான் சாயம் போட்டேன். சார் நுண்ணோக்கியில் குனிந்தார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது, பிம்பம் நடுங்கிக்கொண்டிருந்திருக்கும். அவர் சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கவில்லை. தலையைத் தூக்காமல் என்னைக் கையால் அழைத்தார். நான் பார்த்தேன். வளையம் எதுவும் இல்லை. சின்னச் சின்னச் சுரப்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடைவெளி இல்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. எனக்கு அதற்குள் அந்த அளவுக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

முடிவைக் கேட்க மச்சானும் மைத்துனரும் சேர்ந்து வந்தார்கள். சார் வீட்டிலிருந்து காபி வரவழைத்தார். அவர் நோயாளிகளைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மைத்துனரே தொடங்கினார்.

"எனக்கு எத்தன வெங்காயமுங்க இருந்துச்சு?"

"உங்களுக்கு இல்லீங்க."

அவர் முகம் வாடியது. பரீட்சையில் பெயர் வராத பையனைப்போல மச்சானைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா இல்லீங்க?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"விடு மாப்ள" என்று விவசாயி அவர் தொடையில் தட்டினார். "எல்லாருக்குமா அமையுது. எனக்கு வெள்ளாமையே அதுங்கறதால இருந்துருக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சார் மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வெங்காயம் இல்லாமல் போனது வருத்தப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. அது புற்றுநோய். வெளியே பரவின மாதிரி தெரியவில்லை. இப்போதே வைத்தியம் செய்தால் நல்லது.

மைத்துனர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"மச்சானுக்கு இருந்தத விட பெருசுங்களா?"

"சின்னதுதானுங்க. ரொம்பச் சின்னது. ஆனா கெட்டது."

"அப்ப அக்காகிட்டயும் பெருசா சொல்ல வேண்டாமுங்க. சின்னதுன்னே சொல்லிப்போடறேன்."

விவசாயி எழுந்து வராந்தாவுக்குப் போய், துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், யார் கூட இருப்பது என்பதையெல்லாம் அவரே கேட்டு முடிவு செய்தார். மைத்துனருக்கு அந்த மாதமே கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. கஷ்டமான ஆபரேஷன், தேறி எழ நாளாயிற்று. ஆனால் தேறினார். நான் அந்த வேலையில் இருந்த வருஷங்கள் முழுக்கச் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நம்பாதவர்போல இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு போவார்.

வேன் அதற்கப்புறம் வரவில்லை. பெரியவர்கள் பஸ்ஸிலேயே வர ஆரம்பித்தார்கள். டாக்டர் பார்க்கிற கிழமையில் காலை பஸ்ஸில் பாதி அவர்களாகத்தான் இருப்பார்கள். வெங்காயம் என்ற சொல்லை ஒழிக்க சார் ஒரு வருஷம் பாடுபட்டார். பிறகு விட்டுவிட்டார். ஆபரேஷன் ஆனவர்களின் சதை முறையாகச் சம்மதத்தோடு எங்களுக்கு வந்தது. சார் ஆசைப்பட்ட படத்தொகுப்பு கனத்துக்கொண்டே போனது.

ஒருமுறை தாராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக நானும் அந்தக் கூட்டம் ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஏற நேர்ந்தது. பல்லடம் தாண்டி, இருபக்கமும் காடு கிடக்கும் ஒரு இடத்தில், யாரும் கேட்காமலே டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கண்டக்டர் விசில் அடித்தார். "எறங்கறவங்க எறங்கிக்குங்க" என்றார். பஸ்ஸில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் கை கொடுத்து இறங்கி, வேலியோரமாக வரிசையாக முதுகு காட்டி நின்றார்கள். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் அந்தப் பக்க ஜன்னல்களை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யார் வீட்டுக்காரருக்கு எப்போது ஆபரேஷன் ஆயிற்று என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் பூ கட்டியபடியே, "முன்னெல்லாம் இவுங்க சொல்லவே மாட்டாங்க கண்ணு. பஸ்ஸுல பல்லக் கடிச்சுக்கிட்டு வருவாங்க, பாக்கவே பாவமா இருக்கும்" என்றார்.

ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். மிகவும் வயதான ஒருவர் மட்டும் இன்னும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பெரியவர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி லாரிக்காரனைக் கையமர்த்திவிட்டு, அவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"அவசரமில்லீங்க பெரியவரே. மெதுவா முடிச்சுட்டு வாங்க, நாங்க இருக்கறமுங்க."